இன்ஃப்ளூயன்சர் என்றால் 'செல்வாக்கு செலுத்துபவர்' ஆகிவிடுவாரா?

சமூக ஊடகத்தில் ஒரு பொருளை வாங்கச் சொல்லும் இன்ஃப்ளூயன்சருக்குத் தமிழாக எழுதப்படும் 'செல்வாக்கு செலுத்துபவர்' என்ற தொடர் இனி எந்த ஒப்பந்தத்தில் வந்தாலும் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவது என்று இருக்கிறேன். அண்மையில் கைக்கு வந்த ஒரு வரைவில் முதல் பிரிவே இப்படித் தொடங்கியது: "செல்வாக்கு செலுத்துபவர், தமது செல்வாக்கிற்கு உட்பட்ட பின்தொடர்பவர்களிடம், நிறுவனத்தின் பொருள் குறித்துச் செல்வாக்கு செலுத்த ஒப்புக்கொள்கிறார்." பொருள் இட்லி மாவு. செல்வாக்கைச் செலுத்த வேண்டியவர் திண்டுக்கல் பக்கம் வீட்டுச் சமையலை ரீல்ஸாகப் போடுகிற ஓர் அக்கா. ஃபோனில் படித்துக் காட்டினேன். "ஏன் தம்பி, இதுல கட்சிக்காரங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

அந்தச் சந்தேகம் நியாயமானது. ஏன் என்று பார்ப்பதற்கு முன் வேர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'இன்ஃப்ளூயன்ஸ்' லத்தீனில் 'உள்ளே பாய்தல்'. விண்மீன்களிலிருந்து ஏதோ வழிந்து வந்து மனிதரின் குணத்தையும் விதியையும் ஆட்டிவைக்கிறது என்று நம்பிய இடைக்கால ஐரோப்பியச் சோதிடர்களின் கலைச்சொல் அது. இன்ஃப்ளூயன்சா காய்ச்சலும் இத்தாலிய மொழி வழியாக அதே வேரிலிருந்து வந்ததுதான். 'இன்ஃப்ளூயன்சர்' ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. இன்ஸ்டாகிராம் பெற்ற பிள்ளை இல்லை.

விளம்பரத் தொழிலுக்குள் இந்த எண்ணம் வந்த வழி வேறு. 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்து ஈரி கவுண்டியில் சமூகவியலாளர் பால் லசார்ஸ்ஃபெல்டும் உடன் பணியாற்றியவர்களும் வாக்காளர்களை ஆராய்ந்தார்கள். வானொலியும் பத்திரிகையும் ஆட்களை நேரடியாக மாற்றியது குறைவு. அவற்றைக் கவனித்துவிட்டு வந்து பேசுகிற நண்பர், உறவினர், கூட வேலை செய்பவர் சொன்னதுதான் அதிகம் எடுபட்டது. பிறகு எலிஹு காட்ஸும் லசார்ஸ்ஃபெல்டும் 1955-இல் இதை விரித்து எழுதினார்கள். அவர்கள் 'கருத்துத் தலைவர்' என்று பெயர் வைத்தாலும், அந்த ஆள் நம்மைப் போல ஒருவர். மேலே உட்கார்ந்திருப்பவர் அல்லர். இன்றைய இன்ஃப்ளூயன்சர் அவருடைய வாரிசு.

செல்வாக்கு அப்படிப்பட்ட சொல் இல்லை. செல் + வாக்கு: செல்லுகிற வாக்கு. செல்லாக்காசு என்கிறோமே, அதற்கு நேர் எதிர். ஒருவர் வாயைத் திறந்தால் காரியம் நடக்கும், அதுதான் செல்வாக்கு. எங்கே நடக்கும்? தாலுகா ஆபீஸில், போலீஸ் ஸ்டேஷனில், காலேஜ் அட்மிஷனில். "செல்வாக்கை வச்சு சீட்டு வாங்கிட்டான்", "டெல்லியில அவருக்குச் செல்வாக்கு ஜாஸ்தி", "தொகுதியில செல்வாக்கு சரிஞ்சுபோச்சு" என்றெல்லாம் பேசுகிறோம். மூன்றிலும் பதவியோ பணமோ சாதியோ பின்னால் நிற்கிறது. அந்தச் செல்வாக்கு யார்மேல் பாய்கிறதோ அவருக்கு மறுக்க வழி இல்லை. மாவு வாங்கச் சொல்லும் அக்காவை நான் விரலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடலாம். தாசில்தாரிடம் அப்படித் தள்ளிப் பாருங்கள்.

'செலுத்துபவர்' இன்னும் கெடுக்கிறது. கட்டணம் செலுத்துகிறோம், காணிக்கை செலுத்துகிறோம், அஞ்சலி செலுத்துகிறோம், தடுப்பூசி செலுத்துகிறார்கள். ஆதிக்கமும் செலுத்தப்படுவதுதான், அதனால் செல்வாக்கு அந்த வினையோடு சேர்ந்ததும் ஆதிக்கத்தின் வாடை தானாக ஏறிக்கொள்கிறது. அகராதியில் 'இன்ஃப்ளூயன்ஸ்' என்பதற்கு நேரே 'செல்வாக்கு' என்று போட்டிருக்கும், அது சரிதான். அதோடு '-ர்' விகுதியை ஒட்டிவிட்டால் ஆள்பெயர் தயார் என்று மொழிபெயர்ப்பாளர் எழுந்து போய்விடுகிறார். இந்த ஆள் என்ன வேலை செய்கிறார், யாரிடம் காசு வாங்குகிறார் என்று ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

இதன் உச்சம் பணம் பற்றிப் பேசும் ரீல்ஸ்காரர்களுக்கு வைத்த பெயர். பதிவு பெறாமல் பங்குச்சந்தை ஆலோசனை சொல்கிறவர்களோடு தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2024-இல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி விதி கொண்டுவந்தது. அந்தச் செய்தியில் ஓரிடத்தில் 'நிதிச் செல்வாக்காளர்கள்' என்று படித்தேன். நிதிச் செல்வாக்கு உள்ளவர் என்றால் தமிழில் யார்? பைனான்ஸ் கம்பெனி முதலாளி, வட்டிக்கு விடுபவர். எந்தப் பங்கு ஏறும் என்று அறையில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசும் இருபத்தைந்து வயதுப் பையன் அல்ல.

'சமூக ஊடகப் பிரபலம்' என்று தப்பிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. காதுக்கு இனிமை, ஆனால் தவறு. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி பிரபலங்களைத் தனியாகவும் இன்ஃப்ளூயன்சர்களைத் தனியாகவும், கணினியில் உருவாக்கிய மெய்நிகர் ஆட்களை இன்னொரு வகையாகவும் வைக்கிறது. தொழிலிலும் அப்படித்தான். நடிகரை விளம்பரத்தில் போடுவது அவர் முகம் எல்லோருக்கும் தெரியும் என்பதற்காக. ஐயாயிரம் பேர் மட்டுமே பார்க்கிற மாடித்தோட்டக்காரரைத் தேடிப் போவது, அந்த ஐயாயிரம் பேரும் செடி வளர்ப்பவர்கள், அவர் சொன்னால் மண்புழு உரம் வாங்குவார்கள் என்பதற்காக. அவர் தெருவில் இறங்கினால் யாருக்கும் அடையாளம் தெரியாது. 'விளம்பரதாரர்' என்று எழுதுகிறவர்கள் காசு கொடுப்பவரையும் வாங்குபவரையும் இடம் மாற்றிவிடுகிறார்கள். 'விளம்பரத் தூதர்' நல்ல சொல், ஆனால் ஒரே நிறுவனத்துக்கு ஆண்டுக்கணக்கில் முகமாக இருப்பவருக்கு உரியது. 'தாக்கம் ஏற்படுத்துபவர்' என்பது புயல் செய்திக்கு இருக்கட்டும்.

நான் எழுதுவது 'பரிந்துரையாளர்'. பரிந்து + உரை. பரிதல் என்றால் இரங்குதல், அன்பு காட்டுதல், ஒருவர் பக்கம் நின்று பேசுதல். 'பரிந்து பேசினான்' என்பது இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான்: பரிந்து உரைத்தான் என்றாலே 'யாருக்காக?' என்ற கேள்வி கூடவே வருகிறது. செல்வாக்கில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

சட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்குத் துணைபோகும் பரிந்துரையாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகும். ஓராண்டு வரை எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடையும் விதிக்கலாம். வருமான வரியில் 2022 ஜூலை 1 முதல் வந்த ஒரு விதியும் இவர்களைத் தொடுகிறது: தொழில் தொடர்பாக ஓராண்டில் கிடைத்த பலன்கள் 20,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். ரீல் எடுக்க அனுப்பிய ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது பலன் இல்லை, வைத்துக்கொண்டால் பலன் என்று துறையின் விளக்கமும் இருக்கிறது. ஃபோனைப் பெட்டியோடு திருப்பி அனுப்புகிற ஒருவரைச் செல்வாக்கு மிக்கவர் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

இந்தச் சொல்லுக்கும் இடிக்கிற இடம் உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நமக்காகக் கடிதம் தருபவரும் பரிந்துரையாளர்தான். மருந்துச்சீட்டில் எழுதுவதையும் மருத்துவரின் பரிந்துரை என்கிறோம். காசு வாங்கிப் பேசுகிறவருக்கு இவ்வளவு மதிப்பான சொல்லா என்று ஒரு நண்பர் கேட்டார். அதனால் பணம் கைமாறிய இடத்தில் 'கட்டணப் பரிந்துரை' என்று முழுதாகவே எழுதுகிறேன். 'கூலிப் பரிந்துரை' என்றுதான் முதலில் எழுதத் தோன்றியது. வாடிக்கையாளர் போய்விடுவார் என்று விட்டுவிட்டேன். பேச்சில் நானும் 'இன்ஃப்ளூயன்சர்' என்றுதான் சொல்கிறேன், அதில் குற்றமில்லை. எழுத்தில் தமிழ் வேண்டும் என்று எடுத்துக்கொண்டால் அர்த்தமுள்ள தமிழாக இருக்கட்டும்.

எதையும் விற்காமல் ஆடிப் பாடிக்கொண்டிருப்பவரை என்ன சொல்வது? அவர் பரிந்துரையாளர் இல்லை, அவ்வளவுதான். வலைப்பூக் காலத்தில் 'பதிவர்' என்ற அழகான சொல்லை நாமே உண்டாக்கினோம்; பதிவு போடுகிறவர் பதிவர். எழுத்துக்கு வந்தது படத்துக்கு ஏன் வராது? அதை மூலையில் போட்டுவிட்டு 'உள்ளடக்க உருவாக்குநர்' என்று இறக்கியிருக்கிறார்கள். யாராவது தன் தம்பியை அப்படி அறிமுகப்படுத்திக் கேட்டிருக்கிறீர்களா?

மொழிபெயர்க்க வேண்டாத இடத்தில் இவ்வளவு மொழிபெயர்ப்பவர்கள், வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விளம்பரத் துறையினர் தாமே அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுமத்தின் விதிகள் 2021 ஜூன் 14-இல் நடைமுறைக்கு வந்தன. 15 நொடிக்கு மேல் இரண்டு நிமிடம் வரையிலான படம் என்றால், இது விளம்பரம் என்ற குறிப்பு மூன்றில் ஒரு பங்கு நேரம் திரையில் தெரிய வேண்டும். அரை நிமிட ரீலுக்குப் பத்து நொடி. பெரும்பாலும் நான் பார்ப்பது என்ன? தலைப்புக் குறிப்பின் கடைசியில், 'மேலும்' என்று தொட்டால் மட்டுமே தெரிகிற இடத்தில், இருபது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே ஒரு 'கொலாப்' ('கொலாபரேஷன்', அதாவது கூட்டு என்பதன் சுருக்கம்). ரீல் முழுக்க மதுரைத் தமிழ், பார்க்கிறவர் ஆங்கிலமே படிக்காத அத்தை. 'கொலாப்' என்றால் ஏதோ பலகாரத்தின் பெயர் என்றுகூட அவர் நினைக்கலாம். விளம்பரம் எந்த மொழியிலோ அந்த மொழியில்தான் குறிப்பும் இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன 2023 வழிகாட்டி சொல்கிறது. பத்திரிகைக்காரர்கள் எத்தனையோ காலமாகப் பக்கத்தின் தலையில் 'விளம்பரம்' என்று அச்சடித்து வருகிறார்கள். ரீலுக்கும் அதுவே போதும். ஒப்பந்தத்தில் அந்தச் சொல்லை மேற்கோள்குறிக்குள் போட்டு, எழுத்தின் அளவையும் பத்து நொடியையும் பக்கத்திலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன்.