சாரம் கட்டும் இடத்துக் கொழுப்பு

இரத்ததானம் செய்யப் போன இடத்தில்தான் மாமாவுக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது தெரியவந்தது. "கிருமி அடங்கித்தான் கிடக்காம். நான் குடிக்கிறதுமில்லை, பிறகென்ன?" என்றபடி டச்பே கடற்கரை மணலில் இருந்துகொண்டு முட்டைக் கொத்துப் பொதியைப் பிரித்தார். கைகால் மெலிவு, சாரக்கட்டுக்கு மேல் வயிறு மட்டும் முட்டி நின்றது. என் பயம் அந்த வயிற்றில்தான்.

குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு, தொடைக் கொழுப்பைப்போல் சும்மா கிடப்பதில்லை. கொழுப்பமிலங்களைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அங்கிருந்து வரும் இரத்தம் இதயத்துக்குப் போகுமுன் நேரே ஈரலுக்குப் போகிறது, வள்ளத்து மீன் முதலில் வாடிக்கு வருகிற மாதிரி. மீன் கூடி ஐஸ் போதாமல் போனால் வாடியில் என்ன நடக்கும்? ஈரலிலும் அதுதான். அடக்கிவைக்க முடியாத கொழுப்பால் கலங்கள் நொந்து அழற்சி தொடங்குகிறது. இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சொல்வதை ஈரல் கேட்காது. உடல் இன்னும் இன்சுலினைச் சுரக்கும். அதுவோ கலங்களைப் பெருகத் தூண்டும் ஹோர்மோனும்கூட.

பி வைரஸ் தன் டி.என்.ஏ. துண்டுகளை ஈரல் கலத்தின் டி.என்.ஏ.க்குள்ளேயே செருகிவிடக்கூடியது. அதனால் சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகும் நிலை, வராமலே புற்றுநோய் வரலாம். ஈரலைத் தாக்கும் இன்னொன்றான ஹெபடைடிஸ் சி வைரஸ் அப்படிச் செருகாது. வருடக்கணக்காகத் தழும்பேற்றி, பெரும்பாலும் சிரோசிஸ் வழியாகவே புற்றுநோய்க்குக் கொண்டுபோகும். எதுவானாலும், செத்த கலத்துக்குப் பதில் புதுக்கலம் பிரியப் பிரியப் பிழைகள் சேரும். கொழுப்பும் அதே கலங்களைத்தான் அடிக்கிறது.

தாய்வானில் 23,820 பேரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008 இல் வெளியானது. சி வைரஸ் உள்ளவர்களில், உடற்திணிவுச் சுட்டி (உயரத்துக்கேற்ற நிறையின் அளவு) 30ஐ எட்டியவர்களுக்கு ஈரல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு. பி உள்ளவர்களில் பருமனின் தனிப்பங்கு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் பியோ சியோ, அதோடு பருமனும் நீரிழிவும் சேர்ந்தவர்களுக்கு, இவை எதுவுமே இல்லாதவர்களைவிட ஆபத்து நூறு மடங்குக்கும் மேல்! மாமாவுக்குச் சீனி வருத்தம் இன்னும் இல்லை. இன்னும்.

தராசை மட்டும் நம்பவும் கூடாது. சிரோசிஸ் முற்றியவருக்கு வயிற்றில் நீர் கோத்தே நிறை கூடும். நம்மவர்களுக்கு இடுப்பளவு நல்ல குறி: ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போகக் கூடாது.

எண்பது கிலோ ஆள் ஆறேழு கிலோ இறக்கினாலே ஈரல் அழற்சி தணியத் தொடங்கும். ஆபத்துக் கூடியவர்களுக்கு வைத்தியர் ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன் எழுதுவார். அதையும் தொப்பை மறைத்துவிடுவது இன்னொரு தொல்லை.

வீட்டுக்கு வந்து மாமியின் தையல் நாடாவை எடுத்தேன். 98. மாமா மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு, "இன்னொருக்காப் பிடி" என்றார்.