ரிகர்சிவ் டவுன்லோட்: அடைவுதோறும் இறக்கம்

வலை சேவையகத்தில் ஒரு அடைவை, அதாவது டைரக்டரியை, திறந்தால் கோப்புப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். பத்து கோப்பு என்றால் ஒவ்வொன்றாகச் சொடுக்கி இறக்கிவிடலாம். நானூறு இருந்து, அவையும் உள்ளடைவுகளில் சிதறிக் கிடந்தால் கை ஓய்ந்துவிடும். முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டு, உள்ளே உள்ளே போய் எல்லாவற்றையும் எடுத்துவரும் முறைதான் ரிகர்சிவ் டவுன்லோட்.

இந்த 'ரிகர்' லத்தீனிலிருந்து வந்தது. 'ரெ' என்றால் திரும்ப, 'குர்ரெரே' என்றால் ஓடுதல். திரையில் துடிக்கும் கர்சரும் இதே வேரில் பிறந்ததுதான். இங்கே திரும்ப ஓடுவது செய்முறை: பக்கத்தைப் படி, இணைப்புகளைப் பொறுக்கு, கோப்பு என்றால் இறக்கு, அடைவு என்றால் அதற்குள் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கு.

தமிழில் மறுநிகழ்வு, தற்சுழற்சி என்ற சொற்கள் இருக்கின்றன. கணிதத்துக்கும் நிரலாக்கத்துக்கும் சரி. ஆனால் 'மறுநிகழ்வுப் பதிவிறக்கம்' என்றால், இறக்கியதையே மறுபடி இறக்குவதாகத்தான் காதில் விழுகிறது. 'மொத்தப் பதிவிறக்கம்' என்பதும் போதாது. கோப்புகளைப் பரிமாறும் முறையான எஃப்டிபியின் 'எம்கெட்' கட்டளை ஒரே தடவையில் பல கோப்புகளை எடுத்துத் தருமே, அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். கிளை கிளையாக இறங்கிப் போவது அதில் தெரியவில்லை.

நம்மிடம் 'தோறும்' இருக்கிறதே! ஊர்தோறும், வீடுதோறும் என்கிறோம். ஒன்றையும் விடாமல் போவது அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் 'அடைவுதோறும் இறக்கம்' என்கிறேன். அடைவு என்பதற்கு முறை, வரிசை என்ற பழைய பொருளும் உண்டு. 'அடைவே' என்றால் முறையே. வரிசையாகப் பெயர்கள் நிற்கும் பட்டியலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. அப்புறம், கோப்பு. கோத்து வைப்பது கோப்பு. ஃபைல் என்ற சொல்லும் நூல் என்று பொருள்படும் லத்தீன் 'ஃபீலும்' என்பதிலிருந்துதான் வந்தது, தாள்களை நூலில் கோத்து வைத்த வழக்கத்தால். இரண்டு மொழியும் ஒரே செயலைப் பார்த்துப் பெயர் வைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இந்த வேலைக்குப் பலரும் எடுப்பது 1996இல் வெளிவந்த டபிள்யூகெட் என்ற பதிவிறக்கக் கருவி. கட்டளை வரியில் எழுதி இயக்குவது. அதில் 'மைனஸ் ஆர்' என்று சேர்த்தால் அடைவுதோறும் இறங்கும்; நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஐந்து நிலை ஆழம் வரை போகும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியலின் தலைமாட்டில் 'பேரன்ட் டைரக்டரி' என்று ஓர் இணைப்பு இருக்கும். கருவிக்கு அதுவும் ஓர் இணைப்புதான். அதைப் பிடித்து மேலே ஏறி, பக்கத்துக் கிளைகளையும் அள்ளத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் 'மைனஸ் என்பி'. பேரன்ட் டைரக்டரியை நான் 'மேலடைவு' என்றே எழுதுகிறேன். அப்படி எழுதினால் கட்டளையைத் தமிழில் வாய்விட்டே சொல்லலாம்: அடைவுதோறும் இறக்கு, மேலடைவுக்கு ஏறாதே.