வில் பிடிக்கு ஊற்றிய ரப்பர் ஏன் இறுகவில்லை?

"வில் பிடிக்கு சிலிக்கோன் ரப்பர் ஊற்றி அச்சு எடுத்தேன். வெளிப்பக்கம் நன்றாக இறுகிவிட்டது, பிடியையும் களிமண்ணையும் தொட்ட பக்கம் மட்டும் பிசுபிசுவென்று இருக்கிறது. அமாவாசையில் ஊற்றியதுதான் காரணம் என்கிறார்கள், உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நிலா பாவம், அதை விட்டுவிடுவோம்.

ஒலிம்பிக் வில்வித்தையில் இலக்கு 70 மீட்டர் தூரத்தில் இருக்கும். 10 புள்ளி வளையத்தின் விட்டம் 12.2 செ.மீ., அதாவது அம்பின் திசை 0.05 டிகிரி விலகினாலே வளையத்தின் விளிம்புக்குப் போய்விடும். நாணை விடும் நேரத்தில் பிடி உள்ளங்கையில் லேசாகத் திருகினால் அம்பு இடமோ வலமோ ஓடும். அதனால்தான் எபாக்ஸி புட்டியை அப்பி, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு, தன் கைக்குத் தகுந்தபடி பிடியைச் செய்துகொள்கிறார்கள். மாற்று வில்லுக்கும் அதே பிடி வேண்டும், அதற்குத்தான் அச்சு. பிடியைப் பாதிவரை களிமண்ணில் புதைத்து, சுற்றிப் பெட்டி கட்டி, ரப்பரை ஊற்றி, அது இறுகியதும் களிமண்ணை எடுத்துவிட்டு மறுபாதிக்கும் ஊற்றுவது தெரிந்த கதை.

இனி பிசுபிசுப்புக்கு வருவோம். உங்களிடம் இருப்பது பிளாட்டினம் வகை சிலிக்கோனாகத்தான் இருக்க வேண்டும். கலந்து ஊற்றும் இரண்டு பாகங்களில், ஒரு பாகத்தில் நுனியில் இரட்டைப் பிணைப்பு உள்ள நீண்ட மூலக்கூறு சங்கிலிகள், இன்னொரு பாகத்தில் சிலிக்கானோடு ஹைட்ரஜன் சேர்ந்த மூலக்கூறுகள். பிளாட்டினம் அணு இரண்டையும் தன்மேல் பிடித்து வைத்து, இணைத்து, விட்டுவிட்டு, அடுத்த ஜோடிக்குப் போகிறது. ஒரே அணு இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் பத்து லட்சத்தில் சில பங்கு பிளாட்டினமே மொத்த ரப்பருக்கும் போதும். எனக்கு இதில் அலுப்பே வராது!

ஆனால் அந்தச் சிக்கனம்தான் வினையும். சிலவகை மாடலிங் களிமண்ணில் கந்தகம் உண்டு. கந்தக அணுவிடம் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள் இருக்கின்றன, அவற்றால் பிளாட்டினத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பந்தியில் சாப்பிட்டு முடித்தும் இலையை விட்டு எழாதவர் மாதிரி, இடத்தை அடைத்து உட்கார்ந்துவிடும். பிளாட்டினமே கொஞ்சம்தான் என்பதால் கந்தகமும் கொஞ்சம் இருந்தால் போதும், தொட்ட இடம் எல்லாம் கூழாகவே நின்றுவிடும். எபாக்ஸி புட்டியின் கடினமாக்கியில் உள்ள அமீன்கள் என்னும் நைட்ரஜன் சேர்மங்களும், லேடெக்ஸ் கையுறையும் இதே வேலையைச் செய்யும். உங்கள் பிடியில் புட்டி, கீழே களிமண், இரண்டுமே சந்தேகத்துக்குரியவை.

சரி, என்ன செய்வது? கந்தகம் இல்லாத களிமண் வாங்குங்கள், புட்டி முழுசாகக் காய்ந்த பிறகு அக்ரிலிக் வார்னிஷ் அடியுங்கள், வினைல் கையுறை போடுங்கள். ஊற்றுவதற்கு முன் மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று பிடி மட்டும் வார்ப்பதானால் பிளாட்டினத்துக்குப் பதில் தகரச் சேர்மத்தால் இறுகும் தகர வகை சிலிக்கோனே போதும் என்பது என் கட்சி. அதைக் கந்தகம் இப்படிப் படுத்தாது. இறுகும்போது ஆல்கஹாலை வெளியேற்றுவதால் அச்சு நாளடைவில் கொஞ்சம் சுருங்கும், அதற்குள் வார்த்து முடித்துவிடலாம். (வெளிநாட்டு வில்லுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிற நம் பயிற்சி மையங்கள் பிடி செய்ய ஒரு சின்ன பட்டறை வைத்தால் என்னவாம்?)

அப்புறம், இரண்டாவது பாதியை ஊற்றும் முன் முதல் பாதியின் மேல் மறக்காமல் வாஸ்லின் தடவுங்கள். எதிலும் லேசில் ஒட்டாத சிலிக்கோன், இன்னொரு சிலிக்கோனோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு கத்தியால் அறுத்துத்தான் பிடியை வெளியே எடுக்க வேண்டும்.