மூக்கோரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி: குழந்தைகளின் ஒப்பனை ஆசையும் அவர்களுடைய தோலும்

1972-ஆம் ஆண்டில் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற உளவியலாளர், 3 மாதம் முதல் 24 மாதம் வரை வயதுடைய 88 குழந்தைகளின் மூக்கோரத்தில் கன்னத்துக்குப் பூசும் சிவப்புச் சாயத்தைச் சிறு புள்ளியாக வைத்து, ஒவ்வொருவரையும் கண்ணாடி முன் விட்டுக் கவனித்தார். மிகச் சிறிய குழந்தைகள் கண்ணாடியில் தெரிந்த உருவத்தைத் தம்மோடு விளையாட வந்த இன்னொரு குழந்தை என்று எண்ணிச் சிரித்தன. 20 மாதத்தைக் கடந்தவர்களிலோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்த முகம் தம்முடையது என்று காட்டிக்கொண்டார்கள். கண்ணாடியை விட்டுவிட்டுத் தம் மூக்கைத் தொட்டார்கள். தன் முகத்தைத் தன்னுடையது என்று மனிதக் குழந்தை எப்போது அறியத் தொடங்குகிறது என்பதை அளந்து காட்டியது ஓர் ஒப்பனைப் பொருள்தான்.

முகம் தன்னுடையது என்று தெரிந்த பிறகே அதில் எதையாவது பூசிப் பார்க்கும் ஆசை பிறக்கிறது. அந்த ஆசையை எந்த வயதில் அனுமதிக்கலாம் என்று கேட்கும் பெற்றோர் பெரும்பாலும் ஒற்றை எண்ணை எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. குழந்தைக்குள் இரண்டு வளர்ச்சிகள் தனித்தனி வேகத்தில் நடந்துகொண்டிருக்கின்றன என்பதே அதற்குக் காரணம். ஒன்று தோலின் வளர்ச்சி. மற்றொன்று, தன் தோற்றத்தைப் பற்றி அந்தக் குழந்தை கொள்ளும் எண்ணத்தின் வளர்ச்சி. மூன்று வயதில் உதட்டுச் சாயம் கேட்பதும், ஒன்பது வயதில் கேட்பதும், பதின்மூன்று வயதில் கேட்பதும் ஒரே சொல்லால் சொல்லப்படும் மூன்று வேறு விருப்பங்கள்.

மூன்று வயதுக் குழந்தை கேட்பது வண்ணத்தையும் பாவனையையும்தான். பெரியவர்கள் செய்வதை, அதன் பயன் என்னவென்று தெரியாவிட்டாலும், ஒவ்வொரு அசைவும் மாறாமல் திரும்பச் செய்யும் இயல்பு மனிதக் குழந்தைக்கு மிக வலுவாக உண்டு. உள்ளே நடப்பது வெளியே தெரியும் ஒரு பெட்டியைத் திறக்கத் தேவையில்லாத செயல்களைச் செய்து காட்டினால், சிம்பன்சிகள் அவற்றை விட்டுவிட்டு நேராகத் திறந்துகொள்வதையும், குழந்தைகள் தேவையற்ற செயல்களையும் சேர்த்தே செய்வதையும் 2005-இல் விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் ஆய்வில் காட்டினார்கள். அம்மா உதட்டைச் சுழித்துச் சாயம் பூசும்போது குழந்தையும் உதட்டைச் சுழிப்பது இந்த இயல்பின் வெளிப்பாடே. ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் இதைச் செய்வார்கள். இதில் அழகைப் பற்றிய கவலை எதுவும் இல்லை. ஆகவே இதைக் கண்டு பதறவோ, கண்டிக்கவோ வேண்டியதில்லை.

ஏழு, எட்டு வயதில் நிலைமை மாறத் தொடங்குகிறது. தன் திறமையை மதிப்பிடும்போது பிறருடைய நிலையோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் ஏறக்குறைய இந்த வயதில்தான் உறுதிப்படுகிறது என்று வளர்ச்சி உளவியல் ஆய்வுகள் கூறுகின்றன. பதின்ம வயதின் தொடக்கத்தில் இன்னொன்று சேர்கிறது. எல்லோரும் எப்போதும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு வருகிறது. இதற்கு உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் ‘கற்பனைப் பார்வையாளர்கள்’ என்று பெயரிட்டார். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கண்ணாடிக்குள் பிள்ளையின் முகத்தோடு அந்தப் பார்வையாளர்களும் நிற்கிறார்கள். நெதர்லாந்தில் 14 முதல் 18 வயதுக்குட்பட்ட 144 சிறுமியரிடம் நடத்தி 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், திருத்தி மெருகேற்றப்பட்ட படங்களைப் பார்த்தவர்கள் தம் உடலைப் பற்றித் தாழ்வாக எண்ணினார்கள். பிறரோடு ஒப்பிடும் பழக்கம் மிகுந்தவர்களிடம் இந்த விளைவு தெளிவாகத் தெரிந்தது. விளையாட்டாக முகத்தில் பூசிப் பார்த்த வண்ணம், முகத்தை மறைப்பதற்காகப் பூசப்படும் வண்ணமாக மாறும் இடம் இதுதான். பெற்றோர் கவனிக்க வேண்டிய திருப்பமும் இதுவே என்று நான் கருதுகிறேன்.

இனி தோலுக்கு வருவோம். நம் தோலின் மிக வெளிப்புறத்தில், இறந்த செல்கள் செங்கற்களைப் போலவும் அவற்றுக்கு இடையே கொழுப்புப் பொருள்கள் சாந்தைப் போலவும் அமைந்த மெல்லிய படலம் ஒன்று உண்டு. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும், வெளியிலிருப்பவை உள்ளே நுழையாமலும் காப்பது இதுவே. சிறு குழந்தைகளிடம் இந்தப் படலம் பெரியவர்களுடையதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் மெல்லியது. வாழ்வின் முதல் சில ஆண்டுகளில்தான் அது படிப்படியாக முழு வலிமை பெறுகிறது. மேலும், உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு பெரியவரின் தோற்பரப்பைவிட அதிகம். எனவே ஒரே அளவு களிம்பைப் பூசினாலும், அதிலிருந்து உட்புகும் பொருள் குழந்தையின் எடைக்கு மிகுதியாகிவிடுகிறது. இதோடு, பூசியதையெல்லாம் வாயில் வைக்கும் பழக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் 2002 முதல் 2016 வரை ஒப்பனை மற்றும் உடல் பராமரிப்புப் பொருள்களால் பாதிக்கப்பட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை 64,000-க்கு மேல் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அப்பொருள்களை விழுங்கியவர்கள். மற்ற எல்லாவற்றையும்விட நகப் பராமரிப்புப் பொருள்களே மிகுதியாகக் காரணமாக இருந்தன. பாவனை விளையாட்டுக்குத் தடை வேண்டியதில்லை என்றாலும், நகப்பூச்சை நீக்கும் திரவம் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கவே கூடாது.

ஆனாலும் தோல் தொடர்பாகப் பெற்றோர் மிகவும் ஆழமாக அறிந்திருக்க வேண்டியது ஒவ்வாமையைப் பற்றித்தான். எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. எரிச்சல் என்பது ஒரு பொருள் தோலை நேரடியாகக் காயப்படுத்துவது. பூசுவதை நிறுத்தினால் அது அடங்கிவிடும். தொடு ஒவ்வாமை என்பதோ உடல் கற்றுக்கொள்ளும் ஒரு பாடம். நறுமணப் பொருள்கள், பதப்படுத்திகள், சாயங்கள் ஆகியவற்றின் மூலக்கூறுகள் பல மிகச் சிறியவை. பொதுவாக 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) குறைந்த எடையுள்ளவை மட்டுமே தோலின் படலத்தை எளிதாகக் கடக்கும். அவ்வாறு கடந்தவை தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டால், அங்கே காவலிருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் அந்தச் சேர்க்கையைப் பற்றி, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு சென்று, நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. இதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகின்றன. அதுவரை வெளியில் எதுவும் தெரியாது. அரிப்போ சிவப்போ இல்லை. பொருள் ஒத்துக்கொண்டது என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் நினைவு கொண்ட டி செல்கள் உருவாகிவிட்டால், அடுத்த முறை அதே மூலக்கூறு பட்டவுடன் ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் தோல் சிவந்து, வீங்கி, நீர் கசிகிறது. அந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அழிவதில்லை.

குழந்தை வயதில் தொடங்கும் ஒப்பனைப் பழக்கத்தைப் பற்றிய என் முதன்மையான கவலை இங்கேதான் இருக்கிறது. பச்சை குத்தியதைப் போலக் கறுப்பு நிறத்தில் தோலில் வரையப்படும் தற்காலிகப் படங்களில் பாரா-ஃபீனைலீன்டயமின் என்ற தலைமுடிச் சாயப் பொருள் கலக்கப்படுவதுண்டு. பத்து வயதில் விளையாட்டாக வரைந்துகொண்ட ஒரு படத்தால் ஒவ்வாமை பெற்ற பிள்ளை, இருபது ஆண்டுகள் கழித்துத் தலைமுடிக்குச் சாயமிடும்போது முகமெல்லாம் வீங்கி மருத்துவமனையில் சேர நேரலாம். அதேபோல், ஒளியால் இறுகச் செய்யும் ஜெல் நகப்பூச்சில் உள்ள அக்ரிலேட்டுகள் சரியாக இறுகாமல் தோலில் பட்டு ஒவ்வாமை உண்டாக்கினால், பிற்காலத்தில் பல் அடைப்புப் பொருள்களும், தோலில் ஒட்டும் சில மருத்துவக் கருவிகளும் அந்த நபருக்குச் சிக்கலாகலாம். நகப்பூச்சின் ஒவ்வாமை விரலில் தெரியாமல் கண் இமையிலும் கழுத்திலும் தெரிவதும் உண்டு; விரலின் தோல் தடித்தது, இமையின் தோல் உடலிலேயே மிக மெல்லியது, விரலோ அடிக்கடி இமையைத் தொடுகிறது. இமையில் அரிப்பு வந்தால் கண் மையை மட்டுமே சந்தேகிக்கும் பெற்றோர் நகத்தையும் பார்க்க வேண்டும்.

‘இயற்கையானது’, ‘ஒவ்வாமை தராதது’ போன்ற சொற்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இத்தகைய சொற்களுக்கு அமெரிக்கச் சட்டத்தில் வரையறையே இல்லை. தாவர எண்ணெய்களிலிருந்து கிடைக்கும் லிமோனீன், லினலூல் ஆகிய நறுமணப் பொருள்கள் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் ஒவ்வாமை தரும் பொருள்களாக மாறுகின்றன. நறுமணமே சேர்க்கப்படாத பொருள்தான் கூடுதல் பாதுகாப்பானது. புதிய பொருளை முழங்கையின் உட்புறத்தில் நாளுக்கு இருமுறை, ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் வரை தடவிப் பார்ப்பது நல்லது. ஒரே நாள் தடவிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது ஏன் போதாது என்பது ஒவ்வாமை வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று நாள்கள் ஆகலாம் என்று மேலே சொன்னதிலிருந்தே விளங்கும்.

முகப்பருவின் கதை வேறு. ஆறு முதல் எட்டு வயதுக்குள் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் ஆண்ட்ரோஜன்கள் என்ற ஹார்மோன்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. அதன் விளைவாக, அதுவரை ஏறக்குறைய ஓய்ந்திருந்த தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. பருவமடையும் காலத்தில் அவை பெருகிச் சுரக்கின்றன. அந்த நேரத்தில் துளைகளை அடைக்கும் கனமான பூச்சை நாள்தோறும் பூசினால், அடைபட்ட துளைகளே சிறு பருக்களாகின்றன. ஒப்பனைப் பொருள்களால் வரும் இந்த வகைப் பருவை 1972-இலேயே தோல் மருத்துவர்கள் தனியாக விவரித்திருக்கிறார்கள். பருவை மறைக்கப் பூசியதே மீண்டும் பருவை உண்டாக்க, அதை மறைக்க மேலும் பூசும் சுழலில் பல பிள்ளைகள் சிக்கிக்கொள்கிறார்கள்.

சமீப ஆண்டுகளில் வண்ணப் பூச்சுகளைவிடக் கவலை தருபவை, முதுமையைத் தடுப்பதாகச் சொல்லும் களிம்புகள். பத்து வயதுப் பிள்ளையின் தோல் செல்கள் இயல்பாகவே விரைந்து புதுப்பித்துக்கொள்கின்றன. அந்தக் களிம்புகளில் உள்ள, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாலும் பழ அமிலங்களும் அங்கே செய்ய வேண்டிய பணி எதுவும் இல்லை. மாறாக, அவை காப்புப் படலத்தை அரித்து, எரிச்சலையும் தோல் உரிதலையும் உண்டாக்குகின்றன. பழ அமிலங்கள் வெயிலுக்கு எளிதில் கன்றும் தன்மையையும் தருகின்றன. 7 முதல் 18 வயதுச் சிறுமியர் டிக்டாக்கில் வெளியிட்ட தோல் பராமரிப்புக் காணொளிகளை ஆராய்ந்து 2025-இல் வெளியான ஆய்வில், பகல்நேரப் பராமரிப்பைக் காட்டியவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் மட்டுமே வெயில் காப்புக் களிம்பு இருந்தது. உண்மையிலேயே தோலைக் காக்கும் ஒரே பொருள் விடுபட்டுப் போகிறது! ஸ்வீடனில் ஒரு மருந்தகத் தொடர் நிறுவனம் இத்தகைய களிம்புகளைப் பெற்றோர் ஒப்புதலின்றி 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதில்லை என்று 2024-இல் முடிவெடுத்தது மிகவும் சரியானதே.

ஒப்பனைப் பொருள்களில் சேர்க்கப்படும் பாரபென், தாலேட் போன்ற, ஹார்மோன்களோடு குறுக்கிடக்கூடிய பொருள்களைப் பற்றி ஒரு செய்தி மட்டும். கலிபோர்னியாவில் 100 பதின்ம வயதுச் சிறுமியர் மூன்றே நாள்களுக்கு இவை இல்லாத பொருள்களுக்கு மாறியபோது, சிறுநீரில் மெத்தில் பாரபென்னின் அளவு 44 சதவீதம் குறைந்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுநீரில் இருப்பதாலேயே தீங்கு நிகழ்ந்துவிட்டது என்று பொருளாகாது. ஆனால் பொருளை மாற்றினால் உடலில் சேர்வது உடனே குறைகிறது என்பது பெற்றோருக்குப் பயன்படும் உண்மை.

ஆகவே அனுமதியை வயதுக்கு ஒன்றாகக் கொடுப்பதைவிட, பொருளுக்கு ஒன்றாகவும் நேரத்துக்கு ஒன்றாகவும் கொடுப்பதே தோலின் இயல்புக்குப் பொருந்துகிறது. பாவனை விளையாட்டில் பெரியவர் அருகிலிருக்க, மணமில்லாத உதட்டுத் தைலத்தைச் சற்று நேரம் பூசிக் கழுவிவிடலாம். மலிவான விளையாட்டு ஒப்பனைப் பெட்டியை மட்டும் தவிர்க்க வேண்டும். 2019-இல் பிள்ளைகளுக்காக விற்கப்பட்ட சில ஒப்பனைப் பொருள்களில், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்ததை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உறுதிப்படுத்தியது. ஒப்பனைத் தூள்களில் சேர்க்கப்படும் டால்க்கும் கல்நாரும் பூமியில் அருகருகே கிடைக்கும் கனிமங்கள் என்பதே அதற்குக் காரணம். எட்டு, ஒன்பது வயதில் விழா நாள்களில் உதட்டுக்கும் நகத்துக்கும் சிறிது வண்ணம் போதும். முகம் முழுவதும் பூசும் பூச்சும், கண்ணோரத்தில் தீட்டுபவையும் பதின்ம வயது வரை காத்திருக்கலாம். அவற்றை இரவில் கழுவிவிட்டுத் தூங்கும் பொறுப்பும், கண் மையைத் தோழியோடு பகிராத கட்டுப்பாடும் வந்துவிட்டதா என்பதே அங்கே உண்மையான வயது.

பூச்சில்லாமல் வீட்டை விட்டு வெளியே வர மறுக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் பூச்சைப் பிடுங்கி வைப்பது உதவாது. முதலில், அந்தப் பிள்ளை எதை மறைக்க விரும்புகிறது என்று கேட்க வேண்டும். விடை பரு என்றால் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மருந்து பலன் தர ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். அந்த வாரங்களில் துளைகளை அடைக்காத மெல்லிய பூச்சை அனுமதிப்பதில் தவறில்லை. பரு உள்ள பெண்களுக்குச் சிகிச்சையோடு ஒப்பனை செய்துகொள்ளும் முறையையும் கற்றுக்கொடுத்து ஜப்பானில் நடத்திய ஆய்வுகளில், பரு மோசமாகவில்லை. அவர்களுடைய அன்றாட வாழ்வின் மனநிறைவும் கூடியது.