டிரில் மாஸ்டரா, உடற்கல்வி ஆசிரியரா?

பணி ஓய்வு பெற்று மறைந்த ஓர் ஆசிரியருக்கு அஞ்சலிச் சுவரொட்டியோ நினைவு மலரோ அச்சடிக்கும்போது, பெயருக்குக் கீழே வரும் வரியில்தான் இழுபறி. மூத்த மாணவர்களுக்கு அவர் ‘டிரில் மாஸ்டர்’. பின்னால் படித்தவர்களுக்கு ‘பி.டி. சார்’ அல்லது ‘பி.இ.டி. சார்’. பணிப்பதிவேட்டில் இருப்பதோ இரண்டும் இல்லை. இவை ஒரே பொருள் தரும் சொற்கள் என்று நினைத்துக் கையில் கிடைத்ததைப் போட்டுவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தைச் சேர்ந்தது. ஒவ்வொன்றும் குறிக்கும் வேலையும் வேறு.

‘டிரில்’ என்பதற்கு டச்சு மொழியில் துளையிடுதல், சுழற்றுதல் என்று பொருள். சுவரில் ஓட்டை போடும் டிரில்லும், மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்துச் செய்யும் டிரில்லும் ஒரே சொல்தான். துளைக்கும் கருவிக்குத் தமிழில் ‘துறப்பணம்’ என்ற பழைய பெயர் உண்டு, தச்சர்கள் அறிவார்கள். படைவீரர்களை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பயிற்சிக்கு இந்தச் சொல் ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் வழங்கத் தொடங்கியது. பட்டாளத்திலிருந்து பள்ளிக்கு வந்தது. நம் பக்கத்துப் பள்ளிகளிலும் ஆரம்பத்தில் டிரில் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களே.

தமிழுக்கு அதே பொருளில் இன்னொரு பட்டாளச் சொல்லும் உண்டு: கவாத்து. விதிகள் என்று பொருள்படும் ‘கவாயித்’ என்ற அரபுச் சொல் உருது வழியாக வந்து இப்படி ஆனது. காவலர்களும் ஊர்க்காவல் படையினரும் இன்றைக்கும் ‘கவாத்துப் பயிற்சி’தான் எடுக்கிறார்கள். (கொய்யாவுக்கும் தேயிலைக்கும் கிளை வெட்டுவதையும் ‘கவாத்து’ என்கிறோம். தோட்டக்கலை நூலில் இந்தச் சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம்.) பழகிய சொல்தான், ஆனால் பள்ளிக்கு ஒட்டாது. டிரில்லுக்கு நல்ல தமிழ் வேண்டுமென்றால் ஒரே சொல்லில் அடக்காமல் இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கால் மாற்றி நடப்பது ‘அணிநடை’. விளையாட்டு விழாவில் நூறு பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் எட்டு எண்ணிக்கைக்குக் கை தூக்கி இறக்குவது ‘கூட்டு உடற்பயிற்சி’.

‘மாஸ்டர்’ தனிக்கதை. பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர் எனக் கைத்தொழில் தெரிந்த எல்லோருக்கும் தமிழில் அந்தப் பட்டம் உண்டு. டிரில் மாஸ்டரும் அந்த வரிசையில்தான் வருகிறார். அதில் ஏளனம் இல்லை. கையால் செய்துகாட்டிக் கற்றுக்கொடுப்பவர் என்ற மதிப்பு இருக்கிறது. சிலம்பம் கற்றுத்தருபவரை ‘வாத்தியார்’ என்பதும் இதே மனப்பாங்கு. அந்த வாத்தியார், ‘உபாத்தியாயர்’ தேய்ந்து வந்தது.

அப்படியென்றால் ‘டிரில் மாஸ்டர்’ என்றே போட்டால் என்ன? வேலையில் ஒரு சிறு பங்கைத்தான் அது சொல்கிறது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய பிறகு, இது படித்துப் பட்டம் பெற்றுச் செய்யும் வேலையாக வளர்ந்தது. விளையாட்டு விதிகள், உடற்கூறு, முதலுதவி, மைதானம் அமைப்பது எல்லாம் பாடங்கள். ஓர் உதாரணம் போதும். 400 மீட்டர் ஓடுபாதையில் உள்விளிம்பின் ஆரம் 36.50 மீட்டர், நேர்பகுதி 84.39 மீட்டர், ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். முதல் தடத்தை உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியும், மற்ற தடங்களை உட்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியும் அளக்க வேண்டும். வெளியே போகப்போகத் தடத்தின் வளைவு நீளம். அதை ஈடுகட்ட, 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாம் தடத்துக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்பார், மூன்றாமவர் 14.70 மீட்டர். எல்லாத் தடத்துக்கும் 30 சென்டிமீட்டர் என்று போட்டுவிட்டால் இரண்டாம் தடம் 7.67 ஆகிவிடும், அந்தப் பையனுக்கு 63 சென்டிமீட்டர் இனாம். கயிற்றைப் பிடித்து வளைவு போட்டாலும் சிக்கல்தான். கயிறு 10 சென்டிமீட்டர் இழுபட்டால் ஒரு சுற்று அதே 63 சென்டிமீட்டர் கூடிவிடும். அதனால்தான் எஃகு டேப். சுண்ணாம்புத்தூள் வாளியோடு விடியற்காலையில் மைதானத்தில் குனிந்து நிற்பவரைப் பார்த்து ‘டிரில்’ என்றால் கணக்கு உதைக்கிறது.

‘பி.டி.’ என்பதன் நேர்த் தமிழ் ‘உடற்பயிற்சி’. ‘பி.இ.டி.’யில் நடுவிலுள்ள எழுத்து கல்வியைக் குறிப்பது. ஆகவே ‘உடற்கல்வி ஆசிரியர்’. உடற்பயிற்சி என்பது செய்யும் செயல். உடற்கல்வி என்பது பாடம். ‘உடற்பயிற்சி ஆசிரியர்’ என்று போட்டால் ஜிம் பயிற்சியாளர்போல் ஆகிவிடும். ‘விளையாட்டு ஆசிரியர்’ இன்னும் குறுகல். கல்வி என்ற சொல்லையே ‘கல்லுதல்’, அதாவது தோண்டுதல் என்பதோடு சேர்த்துப் பார்க்கும் சொல்லாய்வாளர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரியென்றால், டச்சுக்காரர் துளைத்த இடத்தில் நாம் தோண்டியிருக்கிறோம்!

இலங்கைப் பள்ளிகளில் பாடத்தின் பெயரே ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’. அங்கே நாம் ‘தடகளம்’ என்பதை ‘மெய்வல்லுநர்’ என்பார்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டி என்றால் ஹவுஸ் வாரியாக நடக்கும் பள்ளி விளையாட்டு விழா. அங்கே பணியாற்றியவரின் நினைவு மலரில் அந்தச் சொல்லையே விட்டுவைக்க வேண்டும்.

இனி எழுத்துப் பிழைகள். உடல் + கல்வி = உடற்கல்வி. ‘உடல்கல்வி’ புணராமல் நிற்கிறது. ‘உடற்க்கல்வி’யில் ஒரு ‘க்’ மிகை. ற் என்ற மெய்க்குப் பின் இன்னொரு மெய் வராது. அடுத்தது, பதவி. தமிழ்நாட்டில் ‘உடற்கல்வி ஆசிரியர்’ ஒன்று, ‘உடற்கல்வி இயக்குநர்’ வேறொன்று. இயக்குநரிலும் நிலை 1, நிலை 2 உண்டு. பதவி உயர்வு பெற்றவரை ஆசிரியர் என்றே அச்சடித்துவிட்டு வீட்டாரிடம் வருத்தம் தெரிவிப்பது அடிக்கடி நடப்பது. ஓய்வூதிய ஆணையை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. ‘இயக்குனர்’ என்று எழுதுவதும் பிழை. இயக்கு + நர். கோச் என்ற பொருளில் எழுதும்போது ‘பயிற்சியாளர்’ என்பதைவிடப் ‘பயிற்றுநர்’ தெளிவு. முன்னது பயிற்சி பெறுபவரையும் குறித்துவிடும்.

மாணவர்கள் எழுதித் தரும் கட்டுரைகளில் மட்டும் கை வைக்க வேண்டாம். “எங்க டிரில் மாஸ்டர்” என்று ஒருவர் தொடங்கியிருந்தால் அது அப்படியே இருக்கட்டும். தலைப்பு வரிக்கும் படக்குறிப்புக்கும்தான் ‘உடற்கல்வி ஆசிரியர்’ (பதவி உயர்வு பெற்றவரென்றால் ‘உடற்கல்வி இயக்குநர்’) கட்டாயம். பழைய புகைப்படத்தில் பிள்ளைகள் கையில் லெசிமோ (ஒலித்தட்டுகள் கோத்த கம்பு) வளையமோ இருந்தால் ‘கூட்டு உடற்பயிற்சி’. கொடிக்கு முன்னால் கால் வீசி நடந்தால் ‘அணிநடை’.