காந்த நானோதுகள்: ‘நுண்துகள்’ என்று எழுதலாமா?

ஆத்தங்குடிக் கல்லில் சிவப்புக்குச் சேர்க்கும் ரெட் ஆக்சைடைக் கொஞ்சம் ஒரு தாளில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். அசைவே தெரியாது. கடையில் கிடைக்கும் கறுப்பு இரும்பு ஆக்சைடைக் கொட்டினால் முள்முள்ளாக எழுந்து நிற்கும். முதலாவது ஹெமடைட், அடுத்தது மேக்னடைட். மருத்துவத்தில் பயன்படும் காந்த நானோதுகள் பெரும்பாலும் இந்தக் கறுப்புப் பொடியின் இனம்தான். அளவு மட்டும் 10 நானோமீட்டர் பக்கம்.

காந்தம் வடமொழி வழி வந்த சொல். ‘அயஸ்காந்தம்’ என்றால் இரும்புக்குப் பிரியமானது. ‘நானோ’ கிரேக்கத்தில் குள்ளன்; 1960இல் நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக ஏற்கப்பட்டது. குள்ளனுக்குப் பழந்தமிழ்ச் சொல் குறளன். ‘குறள்துகள்’ என்று எழுதினால் பொருள் கச்சிதம், படிப்பவர்தான் வள்ளுவரைத் தேடிப் போய்விடுவார்!

‘நுண்துகள்’ கூடாது. நுண்ணோக்கி, நுண்ணுயிர் என்று ‘நுண்’ மைக்ரோவுக்குப் போய்விட்டது. நானோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தந்துகியின், அதாவது மிக மெல்லிய இரத்தக் குழாயின், விட்டமே 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். அந்த அளவுத் துகள் போனால் அடைத்துக்கொள்ளும். ‘மீநுண்துகள்’ தவறில்லை. ஆனால் மீக்கடத்தியில் (சூப்பர்கண்டக்டர்) ‘மீ’ என்பது ‘சூப்பர்’. இந்தத் துகளின் முக்கியக் குணமே சூப்பர்பாரா காந்தம்: வெளிக்காந்தம் விலகியதும் காந்தத்தன்மை மறைந்துவிடும். இரண்டுக்கும் ‘மீ’ போட்டால் குழப்பம். நானோதுகள் என்றே எழுதலாம்.

செய்முறை எளிது. ஃபெரிக் குளோரைடு 2 மோல், ஃபெரஸ் குளோரைடு 1 மோல் விகிதம். படிக நீருள்ள உப்பாக எடுத்தால் 5.4 கிராமுக்கு 2 கிராம். காற்று நீக்கிய நீரில் கரைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் கலக்கியபடியே அம்மோனியா விட்டு பி.எச். 10க்குக் கொண்டுவந்தால் கறுப்பு வீழ்படிவு உடனே இறங்கும். அது பழுப்பாகத் திரும்பினால் ஆக்சிஜன் புகுந்துவிட்டது என்று அர்த்தம். டெக்ஸ்ட்ரான் (சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி) போன்ற மேற்பூச்சு இல்லாவிட்டால் துகள்கள் கட்டி தட்டிவிடும். இரத்தத்தில் புரதம் ஒட்டி, கல்லீரலும் மண்ணீரலும் சீக்கிரமே வாரிக்கொள்ளும்.

படமெடுப்பில் அந்த வாருதலே உதவி. நல்ல கல்லீரல் துகளை விழுங்கி எம்.ஆர்.ஐ.யில் இருண்டு தெரியும். விழுங்கும் செல்கள் இல்லாத புற்றுக்கட்டி வெளிச்சமாகவே நிற்கும். துகளில் மருந்தை ஏற்றி, வெளியிலிருந்து காந்தத்தால் இழுத்துச் செலுத்துவதில் நிலைமை வேறு. காந்தத்திலிருந்து தள்ளத் தள்ள இழுவிசை வேகமாகக் குறையும். தோலுக்கடியில் உள்ள கட்டிக்கு ஈடுகொடுக்கும். ஆழத்திலிருக்கும் உறுப்புக்கு எட்டாது. அதனால் ‘இலக்கு மருந்து’ என்பதைவிட ‘மருந்தேந்தி’ என்பதே இதற்குப் பொருத்தம்: ஏந்திப் போவது உறுதி, சேருமிடம் உறுதியில்லை.