எடை குறைந்தாயிற்று, இனி தசையைக் கட்டுங்கள்

நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் வலி, இடுப்பு வலி என்று என்னிடம் வரும் பெண்களில், மாதக்கணக்கில் கடுமையான டயட்டில் இருந்து 10, 15 கிலோ குறைத்தவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். சொந்தக்காரர்கள் எல்லாம் "நல்லா இளைச்சுட்டியே" என்று பாராட்டுகிறார்கள். ஆனால் இரண்டு மாடி ஏறினால் தொடை நடுங்குகிறது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடிவதில்லை. "மேடம், கைச்சதை தொளதொளன்னு ஆடுது. இன்னும் 3 கிலோ குறைச்சா சரியாயிடுமா?" என்று கேட்கிறார்கள்.

ஆகாது. இன்னும் தளர்ந்துதான் போகும்.

சாப்பாட்டை மட்டும் குறைத்து இளைக்கும்போது உடம்பு கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை. பயிற்சியும் இல்லை, புரதமும் போதவில்லை என்றால், குறையும் எடையில் கால் பங்கு வரைகூட கொழுப்பு அல்லாத பகுதியாக இருக்கலாம். அதில் தசையும் போய்விடுகிறது. ஏற்கெனவே 30 வயதைத் தாண்டினால் தசை மெல்ல மெல்லக் குறைய ஆரம்பிக்கும், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறையும். அதனால் டயட்டை முடித்தவருக்கு அடுத்த வேலை இன்னொரு டயட் அல்ல. கனமாகத் தூக்க வேண்டும், வயிறாரச் சாப்பிட வேண்டும். இந்த இரண்டுக்கும்தான் பெண்கள் பயப்படுகிறார்கள்.

எடை தூக்கினால் உடம்பு ஆண்களைப் போல முறுக்கேறிவிடும் என்பது முதல் பயம். தசையைப் பெரிதாக்குவதில் முக்கியப் பங்குள்ள டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் போட்டியிட்டவர். அவர் அங்கே தலைக்கு மேல் தூக்கியது 115 கிலோ. வாரம் இரண்டு நாள் டம்பெல் தூக்குவதால் யாருடைய ஜாக்கெட்டும் கிழிந்துவிடாது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது அந்த 1 கிலோ பிங்க் டம்பெல். வீட்டில் 20 லிட்டர் தண்ணி கேனைத் தனியாளாகத் தூக்கி வைக்கிற பெண்ணின் கையில் 1 கிலோவைக் கொடுத்து, முப்பது தடவை ஆட்டச் சொல்கிறார்கள். தசைக்கு அது ஒரு வேலையே இல்லை.

நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அந்தக் கேனை எப்படித் தூக்குவது என்பதைத்தான். பெரும்பாலானவர்கள் முதுகை வளைத்துக் குனிந்து, கையால் இழுத்துத் தூக்குவார்கள். அப்படி இல்லாமல் கேனை இரண்டு பாதங்களுக்கும் நடுவில், உடம்பை ஒட்டி வையுங்கள். முழங்காலை லேசாக மடக்கி, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவதுபோல இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். முதுகு நேராக இருக்கட்டும். பின்தொடையில் ஓர் இழுப்பு தெரியும். அந்த இடத்திலிருந்து பாதத்தால் தரையை அழுத்தி, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். ஜிம்மில் டெட்லிஃப்ட் என்பது இதுதான். முதல் வாரம் எடையே இல்லாமல் சுவரில் பிட்டம் தொடுகிற மாதிரி பழகுங்கள். அப்புறம் இரண்டு கையிலும் 4, 5 கிலோ டம்பெல் பிடித்துச் செய்யலாம்.

இதோடு இன்னும் மூன்று போதும். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது. சுலபமானதும் டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுவது. சமையல் மேடையைப் பிடித்துச் சாய்ந்து புஷ் அப். பலம் வர வர கட்டில் உயரத்துக்கு, பிறகு தரைக்கு இறங்கலாம். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மறு கையால் டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது. ஒவ்வொன்றையும் 8 முதல் 12 தடவை தொடர்ந்து செய்வது ஒரு செட். அப்படி இரண்டு அல்லது மூன்று செட். நடுவில் ஒன்றரை நிமிடமாவது ஓய்வு. வாரம் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது இடைவெளி.

எடை சரியா என்று எப்படித் தெரியும்? செட் முடியும்போது இன்னும் இரண்டு தடவைதான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துகிறீர்கள் என்றால் சரி. இன்னும் பத்து செய்யலாம் என்று தோன்றினால் எடை போதாது. எல்லா செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை எடையைக் கூட்டுங்கள். ஒரு நோட்டில் எழுதி வைப்பது கட்டாயம். போன வாரம் என்ன தூக்கினோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

இரண்டாவது பயமான சாப்பாட்டுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) பொதுவாகப் பரிந்துரைக்கும் புரதம், உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். தசை வளர்க்க நினைப்பவருக்கு 1.2 கிராமாவது வேண்டும். 60 கிலோ பெண்ணுக்கு 72 கிராம். இரண்டு இட்லியில் 4 கிராம்தான் இருக்கிறது! காலையில் கூடவே சேர்க்கும் இரண்டு முட்டையில் 12. மதியம் 100 கிராம் மீனோ கோழியோ 20க்கு மேல். சைவம் என்றால் பனீரில் 18. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10. ஒரு பெரிய டம்ளர் பாலில் 8. பருப்பும் தயிரும் சோறும் சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். பவுடர் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சோற்றையும் ஒதுக்காதீர்கள், தூக்குவதற்குத் தெம்பு அங்கிருந்துதான் வருகிறது.

நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த முதல் சில வாரங்களில் எடை 1, 2 கிலோ ஏறலாம். இங்கேதான் பலர் பதறிப்போய் நிறுத்திவிடுகிறார்கள். அது பெரும்பாலும் தசையில் சேரும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்தும் அதோடு தங்கும் தண்ணீரும்தான். எடை மெஷினைக் கொஞ்ச நாள் பரண்மேல் போட்டுவிட்டு, இஞ்ச் டேப்பால் இடுப்பையும் தொடையையும் மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். முதல் மாதத்தில் பலம் தெரியும்; கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு இரண்டு, மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

டயட்டின்போது மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போயிருந்தால் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். ஹீமோகுளோபினையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைவாக இருக்கும்போது படியேறினால் வாங்கும் மூச்சுக்குப் பயிற்சி மருந்தாகாது. எடை தூக்கும்போது சிறுநீர் கசிந்தால் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். பிரசவமான பெண்களுக்கு இது சாதாரணமாக வருவது, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியால் பலருக்குச் சரியாகிறது.

காய்ச்சல், பிள்ளைகளின் பரீட்சை, ஊர்த் திருவிழா என்று இரண்டு வாரம் விட்டுப்போனாலும் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நோட்டைத் திறந்து, கடைசியாக எழுதிய எடையில் கொஞ்சம் குறைத்து அங்கிருந்தே தொடருங்கள்.